ஆலோசனைக் குழுவும் ஒரு புறாவும்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் என் நான்கு பல்லும் இப்போதே உதிரட்டும். வட்டார மருத்துவ ஆலோசனைக் குழு கூடியிருக்கிறது. நீள மேசையைச் சுற்றி அறுவை மருத்துவர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், பிரசவ வார்டு நர்ஸ், நோயாளிகள் தரப்பில் நான். எங்கள் ஊர்ப் பிரசவ வார்டை மூடிவிட்டு எல்லோரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்பதுதான் பேச்சு. அங்கே போக பஸ்ஸில் இரண்டு மணி நேரம். என் பேத்தி நிறைமாதம். யாருடைய வேலையைப் பற்றிய பேச்சோ அவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும் என்பது குழுவின் வழக்கம். அதனால் நர்ஸ் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறார். அறுவை மருத்துவர் மூடலாம் என்று பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். தேநீரில் ஆடை படிகிறது. மேசைமேல் கிடந்த வெயில் தரைக்கு இறங்குகிறது. மருந்தாளுநரின் தாடி அரை அங்குலம் வளர்கிறது. ஜன்னல் விளிம்பில் ஒரு புறா சுள்ளி அடுக்கி, கூடு கட்டி, எங்கள் கண்ணெதிரே முட்டையிடுகிறது.

நர்ஸ் நிமிர்கிறார். "சார், நீங்க முடிக்கிறதுக்குள்ள அதுக்கே பிரசவம் ஆயிடுச்சு. ரெண்டு மணி நேரம் பஸ்ல போறவளுக்கு ஆகாதா?"

"சிஸ்டர், உங்க முறை இன்னும் வரலையே."

"வலி என்ன முறை பாத்தா வருது, சார்?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைக்கிறார். பிறகு முதலில் உயர்வது அவருடைய கைதான். மற்ற கைகளும் ஒவ்வொன்றாக எழுகின்றன. வார்டு இருக்கட்டும் என்று ஒருமனதாகப் பரிந்துரைக்கிறோம். புறாகூட எங்களை மரியாதையாகப் பார்க்கிறது.

வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது: நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வார்டை மேலிடம் போன வாரம் பூட்டிவிட்டது.