இருமல் பத்தவில்லை

"கட். இருமல் பத்தலைம்மா."

ஆஸ்பத்திரி செட்டின் கட்டிலில் படுத்திருந்த கதாநாயகி எழுந்து உட்கார்ந்தாள். "சார், கதைப்படி எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நரம்பு வியாதி. இதுக்கு இருமல் வராது."

"வராதா?" இயக்குநர் ஆடிப்போனார். இடைவேளை வரைக்கும் அந்த இருமலை நம்பித்தான் கதையே எழுதியிருந்தார். "அக்காவைக் கூப்பிடுங்க."

அக்கா வந்தாள். பல வருஷமாக இந்த நோயோடு வாழ்கிறவள், நடிப்பைச் சரிபார்ப்பாள் என்று சொல்லி புரொடக்‌ஷன் மேனேஜர் அழைத்து வந்திருந்த ஆலோசகி. வலது கை நடுங்கியது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். சுவர் முடிந்த இடத்தில் லைட்மேனைப் பிடித்துக்கொண்டாள்.

"இருமல் வருமாக்கா?"

"வராம? ராத்திரியானா உயிரை எடுத்துடும் சார்."

"ரத்தம்?"

"அது உடனே வராது. கிளைமாக்ஸ் சமயத்துலதான்."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தியாம்மா? அனுபவிக்கிறவங்க வாயால வருது. அவங்களைப் பார்த்துக் கத்துக்கோ. உன்னைப் பார்த்தா நோயாளி மாதிரியே இல்லை."

உண்மையில் அக்காவுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. அவள் நாடகக்காரி. சினிமாவில் இதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பிண வேஷம்தான். மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள், யாராவது மேலே விழுந்து அழுவார்கள், சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆலோசனை சொல்ல வந்த நிஜ நோயாளிகள் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டதால், மேனேஜர் இவளைப் பிடித்தார்.

"படம் முடியறவரைக்கும் நோயாளியா இரு. வசனம் பேசற நர்ஸ் வேஷம் உனக்குத்தான். மாட்டிக்கிட்டா, நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

"இந்த வியாதி எப்படிண்ணே இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? நீ சினிமாவே பார்த்ததில்லையா?"

பார்த்திருந்தாள். அதனால்தான் இருமினாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கும், இந்தக் கதாநாயகி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். எங்கேயோ தடித்தடியாகப் புத்தகம் படித்துவிட்டு வந்து உயிரை வாங்கினாள். நேற்று வலது காலை இழுத்து நடந்தவள், இன்று இடது காலை இழுத்தாள். காட்சிக்குக் காட்சி ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் உதவி இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், எந்தக் கால்னு முடிவு பண்ணிச் சொல்லிடுங்க."

"ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காதுங்க."

"ஜனங்க குழம்பிடுவாங்க மேடம்."

ஷாட் முடிந்தால் அடுத்த நிமிஷம் கேரவனுக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். லைட் சூடு அவளுக்கு ஆகவே ஆகாது. செட்டில் மூலைக்கொரு ஃபேன் வேண்டும். பந்தா என்றது யூனிட். வளர்ந்த விதம் என்றார் மேக்கப்மேன்.

அன்று மதியம், வசனத்தின் நடுவே அவள் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்து சுக்குநூறானது.

"டம்ளர் விழற சீன் நாளைக்குத்தானேம்மா?" என்றார் இயக்குநர்.

"ரிகர்சல் சார்."

"பரவாயில்லை. ஆனா நம்பற மாதிரி இல்லை. நாளைக்கு ஸ்லோ மோஷன்ல போட்டுடு."

கதாநாயகி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம் கேரவனுக்கு வாங்கக்கா. தனியாப் பேசணும்."

அக்காவுக்கு நர்ஸ் தொப்பி கண் முன்னாலேயே பறந்து போவதுபோல இருந்தது.

கேரவனுக்குள் பல் கிட்டிப்போகும் குளிர். கதாநாயகி கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

"தலையைக் குனிஞ்சா உங்களுக்கு என்னக்கா பண்ணும்?"

"மயக்கம் வரும்."

"முதுகுல கரண்ட் பாயற மாதிரி ஜிவ்வுனு இறங்காது?"

"இறங்கும், இறங்கும். அப்படியே தூக்கிப்போடும். ஒரு தடவை வீட்ல ஃப்யூஸே போயிடுச்சு."

"காலையில உங்களுக்கு வலது கைதானே நடுங்கிச்சு?"

அக்கா குனிந்து பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தது இடது கை. எதற்கும் இருக்கட்டும் என்று வலது கையையும் சேர்த்து நடுங்கவிட்டாள்.

கதாநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் அக்காவால் முடியவில்லை. இரண்டு கைகளும் நின்றன.

"மேடம், என் வயித்துல அடிச்சுடாதீங்க. நான் நாடகக்காரி. எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. நர்ஸ் வேஷம் தர்றேன்னு மேனேஜர் சொன்னதாலதான் வந்தேன். மன்னிச்சுக்கோங்க, நான் நல்லா இருக்கேன்."

கதாநாயகி கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். பிறகு சிரித்தாள். துண்டு நழுவி விழும்வரை சிரித்தாள்.

"டைரக்டர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"நானா? நீங்க நல்லா இருமுங்கக்கா. அந்த நர்ஸ் வேஷத்துக்கு நான் பொறுப்பு. நீங்க வந்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. நிஜ ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு நினைச்சு நடுங்கிட்டு இருந்தேன்."

"நிஜ ஆள்னா உங்களுக்கு நல்லதுதானே மேடம்? நீங்க ஏன் பயப்படணும்?"

கதாநாயகி மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பத்திரமாக எடுத்து, ஒரு வாய் குடித்து, மெதுவாக வைத்தாள்.

"வெளியே தெரிஞ்சா எனக்கு அடுத்த படம் கிடையாதுக்கா. நிஜ ஆளா இருந்தா, முதல் நாளே என்னை ஓரமா கூப்பிட்டு, 'உனக்கு இது எத்தனை வருஷமா இருக்கு?'ன்னு கேட்டிருப்பாங்க."