சொந்தக் கைவேலை

"இது கடையில பாலிஷ் போட்டது. சத்தியம் பண்றேன்!"

டார்சி போட்ட சத்தத்தில் கிளாரியின் ஷெட் தகரமே அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் பழைய கார் கண்காட்சி. அதில் 'சொந்தக் கைவேலை' என்று ஒரு பிரிவு. எல்லா வேலையையும் கார்க்காரரே வீட்டில் செய்திருக்க வேண்டும். வெளியே கொடுத்தது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அதைப் பார்க்கத்தான் கிளப் தலைவி நோரீன் வந்திருந்தாள். கூடவே, யாரும் கூப்பிடாமல், அதே பிரிவில் பெயர் கொடுத்திருந்த டார்சி.

கிளாரியின் கார் அறுபத்திரண்டாம் வருஷத்து ஹோல்டன். கதவில் ஓடும் எவர்சில்வர் பட்டையைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம்.

"நானே போட்டது," என்றார் கிளாரி.

"இந்தக் கையாலயா? போன வாரம் கிளப்புல பாதி டீயை மடியிலதான ஊத்திக்கிட்டே? புளுகாதே கிளாரி!"

நோரீன் நெளிந்தாள். "கோவிச்சுக்காதீங்க. எங்க முன்னால ஒரு பட்டைக்குப் பாலிஷ் போட்டுக் காட்டிடுங்க. விஷயம் முடிஞ்சுது."

கிளாரி பாலிஷ் மெஷினைப் போட்டார். தனியே இருந்தால் அடங்கிக் கிடக்கும் கை, ஆள் நின்று பார்த்தால் ஆடித் தீர்த்துவிடும். சுழன்ற துணிச் சக்கரம் பட்டையின் நுனியைக் கவ்விப் பிடுங்கிச் சுவரில் அடித்தது.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" டார்சி வாசலில் நின்ற தன் காரிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றி வந்தான். "வீட்டு வேலைன்னா இதுய்யா. விரல் தேய நானே தேய்ச்சது. பாத்துக் கத்துக்கோ."

கிளாரி வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, எப்படி இருக்கு வேலை?"

"நல்ல வேலை," என்று திருப்பிக் கொடுத்தார். "என் பேரை அடிச்சிடும்மா நோரீன்."

அவர்கள் போனதும், அதுவரை பக்கத்திலேயே நின்றிருந்த மனைவி எட்னா பிடித்துக்கொண்டாள்.

"உன் வாயில என்ன கொழுக்கட்டையா, கிளாரி? நானும்தான் பின்பக்கத்தைப் பாத்தேன். ஒடுக்கு எடுக்கறப்ப உன் ஓரம் உடைஞ்ச சுத்தியல் விடற பிறைத் தழும்பு! ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், யாரோட காருன்னு சொல்லாம உங்கிட்ட குடுத்து வாங்கிட்டுப் போனானே, அந்தப் பட்டைதானே அது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டார்சி மானம் கப்பல் ஏறியிருக்குமே!"

கிளாரி மூலையில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்த நாலு பட்டைகளை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"அதோட சேர்ந்து வந்தது. இன்னும் பாக்கி. சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும், நகரு."

"இன்னுமா அவனுக்குச் செய்யப் போறே?"

"பின்னே? என் காரு போச்சு. அவன் பேரையும் அடிச்சுட்டா, ஞாயித்துக்கிழமை என் வேலையை ஊரு எதுல பாக்கும்?"