துப்பாக்கியும் மாற்றுக்கோலும்

ஏலக்கடை மேசையில் அமெரிக்காவில் செய்த ஒரு பழைய நீளத் துப்பாக்கி படுத்திருந்தது. சுத்தியல் தட்டினால் கேப்பு என்ற சின்ன வெடிமூடி வெடித்துச் சுடும் அந்தக் காலத்து வகை. வெடிமருந்தைக் குழலுக்குள் இடித்து இறுக்கும் மரக்கோல் அதன் குழலுக்கு அடியில் செருகியிருந்தது.

பழம்பொருள்களுக்கு மதிப்புச் சொல்பவர் பக்கத்துத் துப்பாக்கியைப் பார்த்து, "இந்தக் கோல் பிறகு சேர்த்தது. கழற்றி எறிந்துவிடுங்கள்," என்றார். நம் கோல் அதைக் கேட்டது. அதுவும் பிறகு வந்ததுதான். முதல் கோல் காட்டில் முறிந்துபோனபோது, துப்பாக்கியை வைத்திருந்த வேட்டைக்காரன் ஒரு கிளையை வெட்டிச் சீவி இதைச் செய்தான்.

"அக்கா, நானே நழுவி விழுந்துவிடுகிறேன். என்னால் உன் மதிப்பு குறைய வேண்டாம்," என்றது கோல்.

"முதல் கோல் என்னோடு ஒரு கோடைதான் இருந்தது. மிச்ச ஆயுசெல்லாம் நீதான். பேசாமல் இரு," என்றது துப்பாக்கி.

மதிப்பாளர் வந்தார். குழலில் பொறித்திருந்த பெயரைக் கண்ணாடி வைத்துப் படித்தார். சுத்தியலைத் தடவிப் பார்த்தார். பிறகு கோலை இழுத்தார், வரவில்லை. பலமாக இழுத்தார். துப்பாக்கிக் குழலைத் தாங்கும் மரக்கட்டையில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் இழுத்தால் கட்டை பிளந்துவிடும். கோல் அப்படியே இருக்கட்டும். மதிப்புதான் கொஞ்சம் குறையும்," என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கோல் மெதுவாகக் கேட்டது: "அக்கா, நீதானே என்னைப் பிடித்துக்கொண்டாய்? வலிக்கிறதா?"

"மழைக்காலம் இல்லையா, மரம் கொஞ்சம் உப்பும்," என்றது துப்பாக்கி.