மணமகள் அறை

"மேசை ஆடும். ஆனா கீழ வுயாது, பயப்படாத. நீ பாட்டுக்கு மேல பார்த்துக்கினு படுத்திரு. ஃபேன் கொக்கியாண்ட ஒரு குருவிக்கூடு இருக்குது, அதையே பாரு."

வரிசையில் வெடவெடத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம் சரசு இப்படிச் சொன்னது நர்ஸ் ரேணுகாம்பாளின் காதில் விழுந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசை ஆடுமாம்! இப்படி எதையாவது கட்டிவிட்டே வருகிறவளையும் விரட்டிவிடுகிற கூட்டம்.

"ஏய், யாரு நீ? எந்த ஊரு?"

"அடி அண்ணாமலைங்க. சரசு."

தோளில் இரண்டு மாதக் கைக்குழந்தை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று உருப்படிகள். மூக்கொழுக நின்ற அவற்றைப் பார்த்ததும் ரேணுகாம்பாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. சும்மா கிடக்கிற மண்டபம் என்று, திருவண்ணாமலையில் கோயில் மதிலை ஒட்டிய அந்தக் கல்யாண மண்டபத்தில்தான் வருஷா வருஷம் முகாம் நடக்கும். 'தாய்க்கும் சேய்க்கும் சகலமும் ஒரே இடத்தில்' என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். பந்திக் கூடத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, மேடையில் கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை, மணமகள் அறையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்.

ரேணுகாம்பாளுக்குக் காலையிலிருந்தே குமட்டிக்கொண்டிருந்தது. பினாயில் நெடி, பால் கக்கிய வாடை, தரையெல்லாம் ஈரம். கிட்டே வருகிறவர்களின் கை, தொடை, வயிறு இவற்றை மட்டும்தான் அவள் பார்ப்பாள். முகத்தைப் பார்த்துத் தொலைத்தால் அவர்கள் கதையையும் கேட்க வேண்டியிருக்கும்.

"கொயந்தைக்கு ஊசி மட்டும் போடுங்கம்மா" என்றாள் சரசு. "எதிர்வூட்டுக் கொயந்த கக்குவான் இருமல்ல பூட்ச்சு. மூச்சு விட முடியாம நீலமாயிட்ச்சும்மா. எனக்குப் பயமா இருக்குது."

"ஊசி மட்டுமா? நாலு பெத்தது போதாதா உனக்கு? உள்ள போய்ப் படு. அப்புறம்தான் ஊசி."

இப்படியொரு சட்டத்தை எந்த அதிகாரியும் போடவில்லை. ரேணுகாம்பாளே போட்டுக்கொண்டது. ஊசியைக் காட்டித்தான் இதுகளை மடக்க முடியும் என்பது அவள் கட்சி. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அதற்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

"எனக்கு அது வாணாம்மா."

"ஏன் வேணாம்? புருஷன் வேணாங்கறானா? எங்க அவன்?"

"அவரு வரலீங்க." சரசுவின் குரல் இறங்கியது. "பொறந்ததிலேர்ந்து இவனை மட்டும் ஒருவாட்டி கூட கையால தொடல."

"பெத்துக்க மட்டும் தெரியுது, தூக்கினா கை வலிக்குதாமா தொரைக்கு? சீ, மாட்டுத் தொழுவம் தேவல!"

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். என்னமோ சொல்ல வாயெடுத்த சரசு, சிரித்தவர்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"இன்னா யோசனை? பின்னால ஆளு நிக்குது. படுக்கறியா, கிளம்பறியா?"

"படுக்கறேன். ஆனா மொதல்ல இவனுக்கு ஊசி போட்டுடுங்க. என் கண்ணு முன்னாடி."

சொன்னபடி கேட்க வைத்துவிட்ட திருப்தியில் ரேணுகாம்பாள் அதற்கு இறங்கி வந்தாள். ஊசி இறங்கியதும் பிள்ளை வீலென்று கத்தியது. சரசு அவன் தொடையை மெதுவாகத் தேய்த்துவிட்டாள். அழுகிற பிள்ளையைப் பார்த்து அவள் சிரித்த மாதிரி இருந்தது.

'நெஞ்சழுத்தக்காரி' என்று நினைத்துக்கொண்டே ரேணுகாம்பாள் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பிள்ளைகளும் பின்னாலேயே வந்தன. மூத்தவள் தம்பியை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

மணமகள் அறையில் யாரும் இல்லை. டாக்டர் கை கழுவப் போயிருந்தார். ஒவ்வொருத்தியையும் அந்த உயர மேசைமேல் ஏற்றிப் படுக்க வைப்பதற்குள் ரேணுகாம்பாளுக்குத் தாவு தீர்ந்துவிடும். சரசு யாரும் சொல்லாமலே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எந்தப் பக்கம் தலை வைப்பது என்றுகூடக் கேட்கவில்லை. மேசை ஒரு தடவை ஆடி நின்றது.

அவள் பார்வை போன இடத்துக்கு ரேணுகாம்பாளும் அண்ணாந்தாள். காலையிலிருந்து இந்த அறைக்கு எத்தனை தடவை வந்து போயிருப்பாள்! மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் குருவிக்கூடு ஒன்று இருப்பதை இப்போதுதான் பார்த்தாள்.

"ம், புடவையைத் தளர்த்து."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு குனிந்தவளின் கை அந்தரத்தில் நின்றது. தொப்புளுக்குக் கீழே ஒரு தழும்பு. தையல் போட்ட தழும்பு.

"இது... இது எங்க பண்ணது?"

"இங்கதாம்மா, போன ஆடியில. இதே மேசைமேலதான். பயந்து அழுதேன்னு நீங்கதான் என் கையைப் பிடிச்சுக்கினு இருந்தீங்க."

ரேணுகாம்பாள் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் ஞாபகம் வரவில்லை. கைக்குட்டையைப் பிடித்திருந்த தன் கையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மூலையில் அக்காவின் மடியில் அந்தக் கைக்குழந்தை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது. சரசு தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"இவன் அதுக்கப்புறம் பொறந்தவம்மா."