பொலித்தீனுக்கு அடியில்

நிலவறையின் சீமெந்துத் தரையில் பொலித்தீன் தாளொன்றை ஒட்டினான், கார்பெட் போட வந்த ரமணன். "அடியில தண்ணி வேர்த்தால் கார்பெட் போடேலாது அண்ணை, பூஞ்சணம் பிடிச்சிடும். நாளைக்கு வந்து பாக்கிறன்."

குகதாசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மாமனார் வருகிறார். மூச்சிழுப்பு உள்ளவர், இந்த நிலவறையை விட்டால் படுக்க வேறு அறையுமில்லை. விடிந்ததும் இறங்கிப் பார்த்தார். தாளுக்கடியில் முத்துமுத்தாக நீர். உரித்தெடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டினார்.

"நல்லாக் காய்ஞ்சிருக்கு," என்று ரமணன் கார்பெட்டை விரித்துவிட்டுப் போனான்.

இப்போது குகதாசன் தினமும் வெறுங்காலோடு இறங்கி, மூலை மூலையாக மிதித்துப் பார்க்கிறார். குளிரா, ஈரமா என்று கால் சொல்ல மாட்டேன் என்கிறது.

"என்ன தேடுறீர் மருமகன்?" கட்டிலில் இருந்தபடி கேட்கிறார் மாமனார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது.