இலையின் பெயர்

"கொழந்தைக்கு எங்க மருந்து தவிர வேற ஏதாவது குடுக்கறீங்களா?"

மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டாள் அந்த டாக்டர்.

கட்டிலருகே பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஒருமுறை இல்லை என்று சொன்னால் இல்லைதான். அதையே மறுபடி கேட்பது, பொய் சொன்னாயா என்று கேட்பது. அதுவும் பதினோரு கட்டில்கள் கிடக்கும் வார்டில், அத்தனை பேர் காதிலும் விழும்படி.

கட்டிலில் பேத்தி கனிஷ்கா படுத்திருந்தாள். ஆறு வயது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி ஐந்து மாதம். ஊசி மருந்து நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஈரல் கெட்டிருக்கிறது என்கிறார்கள். ஈரல் தேறாமல் ஊசி போட முடியாதாம். இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. இன்னும் தள்ளினால் நோய் திரும்பிவிடக்கூடும் என்று காலையில்தான் டாக்டர் சொன்னாள்.

"உங்க ஊசிதான் ஈரலத் தின்னுது. எங்களை என்னத்தக் கேக்கற, அம்மிணி?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

"ஊசியாவும் இருக்கலாமுங்க ஐயா. நாட்டு மருந்தே ஆகாதுன்னு நாங்க சொல்லல. கீழ சித்த வைத்தியர் ஒருத்தர் இருக்கார். கொழந்தைகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்றாங்க, வாந்தி வந்தா மணிக்கட்டுல அமுக்கி விடறாங்க. எல்லாம் தெரிஞ்சு குடுக்கறோம். நீங்க பேரச் சொன்னா, எதோட எது மோதுதுன்னு பாத்துருவோம்."

பேர்.

அந்தச் சொல்தான் சுருக்கென்றது.

அவர் வீட்டில் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். காசு வாங்குவதில்லை. இலையைப் பறிப்பது குடும்பத்தின் மூத்த ஆண். அரைப்பதும் அவன்தான், கதவைச் சாத்திக்கொண்டு.

இலையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால், சொன்னவன் கைக்கு அப்புறம் மருந்து பலிக்காது.

நான்கு தலைமுறையாக யாரும் சொன்னதில்லை. அவருடைய அப்பா கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல்தான் செத்துப்போனார்.

ஊசி மருந்து ஈரலை அடிக்கும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து பேத்திக்கும் கொடுத்தார். தினமும் காலையில், மோரில் ஒரு உருண்டை. ஊரையே எழுப்பி நடக்கவைத்த மருந்து. ஈரலுக்கென்றே உள்ள மருந்து. அதுவா இந்தக் குழந்தையின் ஈரலைக் கெடுக்கும்? கேட்கவே வாய் கூச வேண்டாமா?

டாக்டர் அவரை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். கோகிலவாணி கால்மாட்டில் நின்றிருந்தாள். மாமனார் முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. அதிகம் பேசியதும் இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா."

கோகிலவாணி குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவரை. பிறகு தரையை.

"நாந்தானுங்க குடுத்தேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமாவுக்குத் தெரியாதுங்க. நானா ஒரு எலைய அரைச்சுக் குடுத்தேன்."

"என்ன இலை?"

அவள் விழித்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? மோர் டம்ளரை வாங்கிக் குழந்தைக்குப் புகட்டியது மட்டும்தான் அவள்.

"தெரியலீங்க."

"பேரே தெரியாம பெத்த புள்ளைக்குக் குடுத்தியாக்கும்?" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ். "படிச்சவதானே நீ?"

யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

கோகிலவாணி தலையைத் தூக்கவில்லை.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

யாரைக் கேட்டு இவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள்? அவர் மானத்துக்கு இவள் பொய் சொல்லி முட்டுக்கொடுப்பதா? வாழ வந்த பெண்ணை நாலு பேர் நடுவில் ஏச விட்டு, அந்த வீட்டு ஆண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா?

எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"ஏம்மா நர்சு, நாக்க அடக்கிப் பேசு. எங்க ஊட்டுப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. பறிச்சது நானு. அரைச்சது நானு."

பெயரைச் சொன்னார்.

உரக்கச் சொன்னார்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். "இலை மட்டுமாங்க ஐயா?"

வேரும் சேரும் என்றார். அளவைச் சொன்னார். எத்தனை நாளாகக் கொடுக்கிறார் என்பதையும் சொன்னார். ஒவ்வொன்றையும் கட்டளை போடுவது போலச் சொன்னார். குரல் எங்கும் தணியவில்லை.

"இன்னையோட நிறுத்திருங்க. ஒரு வாரம் பாப்போம்."

அவர் தன் வலது உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். விழுந்த நாற்காலியை யாரும் எடுத்து நிறுத்தவில்லை. அவரே குனிந்து நிறுத்தினார். மருமகளைப் பார்த்து அதைக் காட்டினார்.

"உக்காரு."

அவள் தயங்கினாள்.

"உக்காருங்கறேன்."

உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கட்டிலில், ஒரு சிறுவனின் தாய் தலையணை உறைக்குள் கையை விட்டாள். சின்னப் பாட்டில் ஒன்று வெளியே வந்தது. உள்ளே கரும்பச்சையாக ஏதோ.

அதற்கு அடுத்த கட்டிலில் பையின் ஜிப் திறக்கும் சத்தம்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் டாக்டரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"என்னை என்ன பாக்கற?" என்றார். "அங்க சொல்லு."