கறுப்புக் கைப்பிடி

நான் நீட்டிய ஷேவிங் பிரஷை அண்ணன் வாங்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

அண்ணிக்கு வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, எவ்வளவு கோவம் இருந்தாலும் தம்பி தம்பிதான்” என்றார்.

கோபம் இருந்தது. இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கடைசல் பட்டறையில் அண்ணனும் நானும் மாடாக உழைத்திருக்கிறோம். போன வருடம் அவர் உடம்பு முடியாமல் வீட்டோடு தங்கிவிட்டார். அன்றிலிருந்து ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று பத்து மணிக்குப் பட்டறைச் சாவி அவருடைய மாப்பிள்ளை கைக்குப் போகிறது. உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற மாப்பிள்ளை!

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே இருந்து மாப்பிள்ளைக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மட்டும் அண்ணி மூலமாகத் தகவல் வந்தது.

நேற்று முழுக்க இந்தக் கைப்பிடியைத்தான் கடைந்தேன்.

எங்களிடம் இருப்பதிலேயே கனமான மரம். எண்ணெய் ஊறிய கட்டை. உளி பட்டால் சுருள் சுருளாக வந்து விரலில் ஒட்டும். உப்புத்தாள் போட்டால் மட்டும் நைசாகத் தூள் கிளம்பும். முடிக்கற்றையை ஒட்டுவதுதான் பெரும்பாடு. குழிக்குள் கசியும் எண்ணெயைத் தின்னரால் துடைத்து, அது மறுபடி கசிவதற்குள் பசையை வைத்துவிட வேண்டும். அண்ணனும் நானும் இரண்டு டஜன் பிரஷைப் பாழாக்கிய பிறகுதான் அது கைக்கு வந்தது.

வார்னிஷ் அடிக்கவில்லை. கறுப்புச் சாயம் மட்டும் தேய்த்தேன். துணியால் துடைத்தாலே மின்னுகிற மரம் அது. அதற்குச் சாயம் பூசுகிறவனை அண்ணன் செருப்பால் அடிப்பார்.

கண்ணாடிக்கு முன்னால் குவளையில் தண்ணீர் இருந்தது. அண்ணன் பிரஷை அதில் போட்டார். வேறு மரமென்றால் மிதந்திருக்கும். இது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

அண்ணி சட்டைக்கு இஸ்திரி போட உள்ளே போய்விட்டார்.

அண்ணனை வீட்டில் உட்கார வைத்ததே இந்த மரம்தான். வருடக்கணக்கில் இதன் தூள் பட்டுப் பட்டு, ஒருநாள் முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கண் திறக்கவில்லை, மூச்சுத் திணறியது, ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இனி இதை விரலால்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

சாவி கொடுக்கிற நேரத்தில் நாலு பேர் முன்னால் அவரால் முகத்தைக் காட்ட முடியாமல் போக வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

அண்ணன் தண்ணீருக்குள் கைவிட்டுப் பிரஷை எடுத்தார்.

“சாயம் நல்லா புடிச்சிருக்கு” என்றார்.

சோப்பில் நாலு சுற்றுச் சுற்றினார். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு இடது கன்னத்தில் தடவினார். பிறகு வலது கன்னம். பிறகு தாடை.

வேண்டாம் அண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தில் நுரையை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.